எச். ஜி. வெல்ஸும் அன்னார் ஆடிய சிறு போரும்

இளஞ்சிறார் மணலிற் சிற்றில் இழைத்தும் சிறுதேர் உருட்டியும் விளையாடுதலை நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் இனிதெடுத்துப் பாடுகின்றன. அவ்விளையாட்டுக்கள் இளமையோடு கழிந்துவிடும் என்பது உலகோர் எண்ணம். ஆயின், நாற்பத்தாறு வயதில், தம் பெயர் பல நாடுகளிலும் பரவியிருந்த காலத்தில், நூலாசிரியர் ஒருவர் தரையில் முழந்தாளிட்டு ஈயப் பொம்மை வீரர்களை நகர்த்திப் போர் விளையாடினார். அவ்விளையாட்டிற்கு விதிகள் வகுத்தார். அவ்விதிகளை நூலாகவும் எழுதி 1913-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவரே எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர்.

வெல்ஸ் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. எழுபத்தொன்பது ஆண்டு நீண்ட அவரது வாழ்க்கையை முற்றும் விரித்துரைக்க இச்சில பக்கங்கள் இடந்தாரா. ஆதலின் அவ்விளையாட்டையே நடுநாயகமாகக் கொண்டு, அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறத் துணிந்தேன். போரை விளையாட்டாக விரும்பிய ஒருவர் உண்மைப் போரை வெறுத்தது எங்ஙனம்? அங்ஙனம் வெறுத்தவரே, மறு ஆண்டே மூண்ட பெரும் போரை ஆதரித்து எழுதியது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணப் புகுவோமாயின் அன்னாரின் உள்ளத்தை ஒருவாறு அறிந்தவராவோம்.

பிறப்பும் இளமையும்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்த பிராம்லி என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இந்நாளில் லண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. தந்தையார் ஜோசப் வெல்ஸ் முன்னர்த் தோட்டக்காரராயிருந்து பின்னர்ச் சிறு கடையொன்று நடத்தியவர். பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் மட்டைகளும் ஒருங்கே விற்கப்பட்ட அக்கடையில் வருவாய் மிகக் குறைவு. அவர் கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவர். 1862-ஆம் ஆண்டில் கெண்ட் அணியின் சார்பில் சஸெக்ஸ் அணியை எதிர்த்துப் பந்தெறிந்தபோது, அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நால்வரை வெளியேற்றிப் புகழ் பெற்றார். கடை தாராத பொருளை அவ்வாட்டம் ஓரளவு தந்து வந்தது. தாயார் சாராள் அம்மையார் திருமணத்திற்கு முன் அப்பார்க் என்னும் பெருமாளிகையிற் பணிபுரிந்தவர். தெய்வ பக்தி நிறைந்தவர். மக்களை நன்னெறியில் வளர்ப்பதிற் கண்ணுங் கருத்துமாயிருந்தவர்.

1874-ஆம் ஆண்டில், ஏழு வயதுச் சிறுவனாயிருந்த ஹெர்பர்ட்டின் கால் முறிந்தது. பல வாரம் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. தந்தையார் நூலகத்திலிருந்து நூல்களைக் கொணர்ந்து குவித்தார். ஓடியாட இயலாத அச்சிறுவன் அவற்றை ஆவலோடு படித்து, உலகின் பல நாடுகளையும் பல உயிர்களையும் மனக்கண்ணாற் கண்டான். அக்கால்முறிவே தம் வாழ்வின் நற்பேறுகளுள் ஒன்று என்று அவர் பிற்காலத்தில் எண்ணினார்.

மூன்றாண்டு சென்றபின் தந்தையாரின் தொடையெலும்பு முறிந்தது. அது நற்பேறாய் முடியவில்லை. கிரிக்கெட் ஆட்டமும் அதன் ஊதியமும் ஒருசேர ஒழிந்தன. குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. 1880-ஆம் ஆண்டில் தாயார் பிழைப்பை நாடி, தாம் முன்னர்ப் பணிபுரிந்த மாளிகைக்கே வீட்டு மேற்பார்வையாளராகச் சென்றார். மகனோ துணிக்கடையில் தொழில் பழகும் பையனாக அனுப்பப்பட்டான். முதலில் விண்ட்ஸர் நகரிலும், பின்னர்ச் சவுத்ஸீ என்னும் கடற்கரை ஊரிலும் அவ்வேலை வாய்த்தது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் துணிப் பொதிகளைச் சுமந்தும் மடித்தும் அடுக்கியும் உழைத்து, இரவில் ஏனைப் பையன்களோடு ஒரே கூடத்திற் படுத்துறங்க வேண்டியிருந்தது. அவ்வாழ்வைப் பொறுக்கலாற்றாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிற் புறப்பட்டு ஏறத்தாழப் பதினேழு மைல் கால்நடையாய்ச் சென்று, தாயாரைக் கண்டு, தம்மை விடுவிக்குமாறு இறைஞ்சினார். இறுதியில் 1883-ஆம் ஆண்டில் விடுதலை கிட்டியது.

கல்வியும் புகழும்

துணிக்கடையினின்று நீங்கியவர் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊர்ப் பள்ளியில் மாணவ ஆசிரியராய் அமர்ந்தார். பகலிற் பிறர்க்குக் கற்பித்தும் இரவில் தாம் கற்றும் அரசாங்கத் தேர்வுகளில் தேறி, 1884-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து அறிவியற் கலாசாலைக்கு உதவிச் சம்பளம் பெற்றுச் சென்றார். வாரம் 21 ஷில்லிங் கிடைத்தது. பேரறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் கற்கும் பேறு ஆண்டு அவர்க்கு வாய்த்தது. அம்முதலாண்டின் ஊக்கம் பின்னர்த் தளர்ந்தமையால், 1887-ஆம் ஆண்டில் பட்டம் பெறாதே வெளியேறினார். வேல்ஸ் நாட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியராய் இருக்குங்கால், கால்பந்தாட்டத்தில் ஒருவன் முரட்டுத்தனமாய் மோதியதால் அவரது சிறுநீரகம் சிதைந்தது. நெடுநாள் நோயுற்று, இறப்பின் வாயில் வரை சென்று மீண்டார். விதியை மீறிய ஆட்டம் என்ன செய்யும் என்பதை அவர் தம் உடம்பிலேயே அறிந்தவர். பின்னும் முயன்று படித்து, 1890-ஆம் ஆண்டில் லண்டன் சர்வகலாசாலையில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

1895-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கால இயந்திரம் என்னும் கதை அவரை ஒரே ஆண்டிற் புகழுக்கு உரியவராக்கியது. தொடர்ந்து 1897-இல் கண்ணுக்குப் புலனாகா மனிதனைப் பற்றிய கதையும், 1898-இல் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்து லண்டனை அழிக்கும் கதையும் வெளிவந்தன. 1903-ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறுகதையொன்று, நிலத்தில் ஊர்ந்து செல்லும் இரும்புக் கவச ஊர்திகள் போர்க்களத்தில் தோன்றுவதை விவரித்தது. பதின்மூன்றாண்டு கழித்து, 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிரான்சு நாட்டு ஸோம் போர்க்களத்தில் டாங்கிகள் என்னும் பெயரோடு அத்தகைய ஊர்திகள் வந்தே விட்டன. வருவதை முன்னரே காணும் ஆற்றல் அவர்பால் அத்துணை மிகுந்திருந்தது.

இதனிடையே 1895-ஆம் ஆண்டில் ஏமி கேத்தரின் என்னும் அம்மையாரை இரண்டாந் தாரமாக மணந்தார். ஸாண்ட்கேட் என்னும் கடற்கரை ஊரில் வீடு கட்டி வாழ்ந்தார். 1901-இல் மூத்த மகனும் 1903-இல் இளைய மகனும் பிறந்தனர். அச்சிறுவர்களின் விளையாட்டறையே நாம் கூறவந்த போர்க்களம்.

விளையாட்டின் தோற்றம்

பொம்மைப் படை கொண்டு போர் ஆடுதல் வெல்ஸ் கண்டறிந்த புதுமையன்று. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு 1812-ஆம் ஆண்டிலேயே மேசைமேல் ஆடும் போராட்டமொன்றை அமைத்து அரசனுக்குக் காட்டினார். பீரங்கிப் படையில் பணிபுரிந்த அவருடைய மகன் அதனைத் திருத்தி, 1824-ஆம் ஆண்டில் விதிநூலாக வெளியிட்டார். கிரீக்ஸ்பீல் என வழங்கிய அவ்வாட்டம் படைத்தலைவர்களின் பயிற்சிக்கென்றே ஏற்பட்டது. புதையல் தீவு எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனும் 1880-களில், ஸ்விட்ஸர்லாந்தில் தாவோஸ் என்னும் மலையூரில் நோய் தீரத் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் மகனோடு பொம்மை வீரர் கொண்டு போர் ஆடினார். எனினும் எளியோர் வீட்டிலும் ஆடத்தக்கவாறு சுருங்கிய விதிகளை அமைத்துப் பரப்பிய பெருமை வெல்ஸுக்கே உரியது.

அதற்குக் காலமும் துணைசெய்தது. 1893-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த பிரிட்டன் என்னும் கம்பெனியார் ஈயப் பொம்மைகளை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டனர். அதனாற் பொம்மைகளின் எடையும் விலையும் குறைந்தன. வில்விசையால் சிறு மரக்குண்டை எறியும் பொம்மைப் பீரங்கியும் கடைகளில் வந்தது. ஒன்பது கஜ தூரத்தில் நின்ற பொம்மையையும் அது குறிதவறாது வீழ்த்த வல்லது.

ஒருநாள் வெல்ஸின் வீட்டுக்கு நண்பர் ஒருவர் விருந்தினராய் வந்தார். படகிற் சென்ற மூவரைப் பற்றி நகைச்சுவை நூல் எழுதிய ஜெரோம் கே. ஜெரோமே அவர் என்பர். உணவு முடிந்தபின், அருகே கிடந்த பொம்மைப் பீரங்கியை அவர் எடுத்துக் குறிபார்த்து ஒரு வீரனை வீழ்த்தினார். வீழ்த்தியதோடு நில்லாது தம் திறமையை வியந்து, வல்லார் வருக என்று அறைகூவினார். உடனே இருந்தார் அனைவரும் சுடத் தொடங்கினர். இவ்வளவே முதல் நாள் நிகழ்ச்சி.

ஆயின் வெல்ஸின் உள்ளம் அவ்வளவில் அமையவில்லை. நிற்கும் வீரரைச் சுடுதல் மட்டும் போராகாது, அவர் நகரவேண்டும், மறைந்து நிற்க மலையும் வீடும் வேண்டும் என்று அவர் கருதினார். மற்றொரு நண்பரோடு கூடி, தடித்த கலைக்களஞ்சிய நூல்களைத் தரைமேற் பரப்பி மலைகளாக்கினார். பின்னர் மரக்கட்டைகளும் பலகைகளும் வந்தன, அட்டை வீடுகள் எழுந்தன, மரக்கொம்புகள் காடாயின. களம் விரிய விரிய இடையூறுகளும் தோன்றின. அக்காலத்து மகளிர் அணிந்த பாவாடைகள் தரையிற் புரள்வன. விருந்தினராய் வந்த அம்மையார் ஒருவர் அறையைக் கடந்து சென்றாராயின், இருபுறத்துச் சேனையும் அவர் ஆடையின் விளிம்பாற் சரிந்து வீழும்.

வெல்ஸ் 1911-ஆம் ஆண்டில் தரை விளையாட்டுக்களைப் பற்றிச் சிறுநூலொன்றும், 1913-ஆம் ஆண்டில் லிட்டில் வார்ஸ் என்னும் நூலும் வெளியிட்டார். சிறு போர்கள் என்பது அப்பெயரின் பொருள். அந்நூலிற் காணப்படும் நிழற்படங்களை எடுத்தவர் அவருடைய மனைவியாரே.

ஆட்டத்தின் விதிகள்

அந்நூலின் விதிகள் ஒருவர் அறையிற் சிந்தித்து ஒரே நாளில் எழுதியவை அல்ல. ஆடுந்தோறும் பிணக்குத் தோன்றும். பிணக்குத் தோன்றிய இடத்தில் விதியொன்று பிறக்கும். ஆதலின் அவற்றைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும்.

இருவர் ஆடுவர். களத்தின் நடுவே முதலில் ஒரு திரை தொங்கும். ஒருவர் தம் படையை எவ்வாறு நிறுத்துகின்றார் என்பதை மற்றவர் காணாமைப்பொருட்டே அத்திரை. அணிவகுப்பு முடிந்ததும் திரை நீங்கும். பின்னர் இருவரும் மாறி மாறிப் படையை நகர்த்துவர். காலாள் ஒருமுறையில் ஓரடி தூரமும், குதிரைவீரன் ஈரடி தூரமும் செல்லலாம். அளப்பதற்கு இரண்டடிக் கயிறு உண்டு. அதன் நடுவில் ஓரடிக்கு அடையாளம் இருக்கும். பீரங்கியைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குள் நான்கு வீரரேனும் நின்றாலன்றி அதனைச் சுடவோ நகர்த்தவோ ஆகாது. சுடுமுறையில் நான்கு குண்டு வரை எறியலாம். ஆயின் சுட்ட முறையில் நகர்த்துதல் இல்லை.

இரு படையும் கைகலந்தபோது வெற்றி யாருக்கு என்பதே பெரும் பிணக்காயிருந்தது. தொடக்கத்தில் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தனர். பல வீரரைத் திறமையாகத் திரட்டிக் கொணர்ந்தவன், நாணயம் புரண்டமையால் தோற்பது நீதியன்றெனத் தோன்றிற்று. ஆதலின் அதனைக் கைவிட்டு, ஒருவனுக்கு ஒருவனாக இருபுறத்தும் மடியவும், எண்ணிக்கையிற் பெரிய படை எஞ்சி நிற்கவும், தனித்துச் சூழப்பட்டோர் சிறைப்படவும் விதி செய்தனர். நல்லூழின் பங்கு குறைந்து, சிந்தனையின் பங்கு மிகுந்தது.

மற்றொரு குறை காலத்தைப் பற்றியது. ஆடுவோர் தம் முறை வந்ததும் நெடுநேரம் சிந்தித்துக் களத்தைச் சுற்றி வந்தனர், எதிரி பொறுமையிழந்தான். ஆகவே முப்பது வீரருக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு நிமிடம் எனக் கணக்கிட்டனர். 110 வீரரும் 3 பீரங்கியும் உடைய படைக்கு ஏழு நிமிடம் போதுமானது. கடிகாரத்தைக் கையிற் கொண்ட ஒருவர் பக்கத்தில் நிற்பார். நகர்த்தவேண்டியவர் தம் எல்லைக்கு ஒரு கஜம் பின்னே நின்று அவரது கட்டளையை எதிர்நோக்குவார். இரண்டு நிமிடமும், ஒரு நிமிடமும், அரை நிமிடமும் எஞ்சியிருக்கும்போது எச்சரிக்கை எழும். நேரம் முடிந்ததெனக் கூறியதும், கையிலெடுத்த வீரனையும் அங்கேயே விட்டு விலகவேண்டும். நாடறிந்த ஆசிரியராயினும், மந்திரி பதவி வகித்தவராயினும், பத்து வயதுச் சிறுவனாயினும் அக்கடிகாரத்தின் முன் ஒன்றே.

ஆட்டத்தின் வகையும் பல. இருபடையும் எதிர்நின்று முற்றும் பொருது தீர்தல் ஒன்று. எதிரியின் பின்னெல்லையைச் சில வீரரேனும் கடந்து செல்லுதல் மற்றொன்று. சிறுபடை தன்னிடத்தைக் காத்து நிற்றல் வேறொன்று. புறப்பொருள் கற்ற நமக்கு முதல் வகை தும்பையையும், இறுதி வகை நொச்சியையும் நினைவூட்டும். போரைத் திணையும் துறையுமாகப் பகுத்து வரம்பு கட்டிய புலவர்க்கும், கயிறும் கடிகாரமும் கொண்டு வரம்பு கட்டிய வெல்ஸுக்கும், போர் வரம்பின்றிப் பெருகலாகாது என்னும் கருத்து ஒன்றேபோலும்.

அந்நூலின் இறுதியில் வெல்ஸ் தம் உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றார். தரையில் மூன்று நான்கு முறை போர் ஆடியவன், உண்மைப் போர் எத்துணைப் பிழை மலிந்தது என்பதை உணர்வான் என்பதே அவர் கருத்து. ஏழு நிமிடத்தில், கண்முன் விளங்கும் சிறு களத்தில், நூறு பொம்மைகளைத் தவறின்றி நடத்த அறிவுடையோராலும் இயலவில்லை. இலட்சக்கணக்கான உயிருள்ள மக்களைக் காணாத களங்களில் நடத்தப் படைத்தலைவர்களால் எங்ஙனம் இயலும்? மேலும், விளையாட்டில் வீழ்ந்த வீரர் அனைவரும் மாலையிற் பெட்டிக்குள் ஒருங்கே துயின்று மறுநாள் எழுவர். அவர்தம் வீழ்ச்சியால் ஒரு தாயும் அழுவதில்லை. போர்வெறி கொண்ட அரசர்களையும் தலைவர்களையும் ஓர் அறையிலிட்டு, பொம்மைகளைக் கொடுத்துப் பூட்டிவிட்டால் உலகம் தன் பணியைப் பார்க்கும் என்று நகைச்சுவை தோன்ற எழுதினார்.

பெரும் போர்

அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள், பிரிட்டன் ஜெர்மனியை எதிர்த்துப் போர் தொடுத்தது. போரின் மடமையை அத்துணைத் தெளிவாய் உணர்ந்தவர் அமைதிக்காக வாதிடுவார் என்றே யாவரும் எதிர்பார்ப்பர். ஆயின் அவர் அங்ஙனஞ் செய்திலர். போரை ஒழிப்பதற்கென்றே ஏற்பட்ட போர் இது என்னும் கருத்தை முன்வைத்துப் பத்திரிகைகளில் எழுதினார்; அக்கட்டுரைகளின் தொகுதி அவ்வாண்டிலேயே நூலாகவும் வந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள், அவருடைய நண்பரான மாஸ்டர்மன் என்னும் மந்திரி, அரசாங்கப் பிரசாரத்துக்குத் துணைபெறும் பொருட்டு எழுத்தாளர் பலரை லண்டனில் ஒரு மாளிகைக்கு வரவழைத்தார். தாமஸ் ஹார்டி, கானன் டாயில் முதலியோரோடு வெல்ஸும் சென்றிருந்தார்.

இதனை மறைத்துக் கூறுதல் வாழ்க்கை வரலாறு எழுதுவோர்க்கு முறையன்று. தீய அரசொன்றை வீழ்த்திவிட்டால் போரும் ஒழியும் என அவர் மெய்யாகவே நம்பினார். ஆயின் அவர் வகுத்த விதிகளுள் ஒன்றேனும் அக்களத்தில் இல்லை. நேரம் முடிந்தது என்று கூறுவார் எவருமிலர், கூறினும் கேட்பாரிலர். சில மாதத்தில் முடியுமென எண்ணிய போர் நான்காண்டு நீண்டது. 90 இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் மடிந்தனர்.

தம் நம்பிக்கை தளர்வதை வெல்ஸ் தாமே உணர்ந்தார். 1916-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரிட்லிங் என்பாரைப் பற்றிய நாவல் அதற்குச் சான்று. பிரிட்லிங் ஓர் எழுத்தாளர். நாட்டுப்புறத்தில் விருந்தினர் சூழ வாழ்பவர். போரை ஆர்வத்தோடு வரவேற்பவர். அவர் வெல்ஸின் நிழலே என்பதைப் படிப்போர் எளிதில் உணர்வர். வெல்ஸின் மக்கள் அப்போது போர்க்களம் செல்லும் வயதினரல்லர். கதையிலோ பிரிட்லிங்கின் மூத்த மகன் போரில் மடிகின்றான். அவ்வீட்டில் முன்னர்த் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஜெர்மானிய இளைஞனும் எதிர்ப்படையிற் சேர்ந்து மடிகின்றான். இரவு முழுதும் விழித்திருந்து, அப்பகை நாட்டு இளைஞனின் பெற்றோருக்குக் கடிதம் எழுத முயல்கின்றார் பிரிட்லிங். எழுதி எழுதிக் கிழிக்கின்றார். விடியுங்கால் கடவுளை நினைக்கின்றார்.

இந்நாவலைத் தொடர்ந்து 1917-ஆம் ஆண்டில் வெல்ஸ் கடவுளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதிற் கூறப்படும் கொள்கை நம் திருச்சபையின் கொள்கையன்று. பின்னாளில் அதனையும் அவர் கைவிட்டார். தாயாரின் நம்பிக்கைக்கு அவர் மீண்டும் வரவேயில்லை. எனினும், பகைவனின் தாய் தந்தையர்க்கும் நமக்கும் துயரம் ஒன்றே என்று உணர்ந்து, அவர்க்கு ஆறுதல் எழுதத் துடித்த அவ்வுள்ளத்தைக் கிறிஸ்தவராகிய நாம் அயலதாக எண்ணுதல் கூடுமோ?

நடுவரைத் தேடிய நாட்கள்

1918-ஆம் ஆண்டில் வெல்ஸ் அரசாங்கத்தின் பிரசார அலுவலகத்தில் சில காலம் பணிபுரிந்தார். ஜெர்மானிய மக்களை இழிவுபடுத்துதலை விடுத்து, நாடுகள் யாவும் கூடிய சங்கமொன்றை அமைப்பதே போரின் நோக்கம் என்று வெளிப்படுத்த வேண்டுமென வற்புறுத்தினார். அக்கருத்து முற்றும் ஏற்கப்படாமையால் பணியை விட்டு விலகினார். எஞ்சிய இருபத்தெட்டாண்டும் அவர் எழுதியவற்றைத் தொகுத்து நோக்கின், நாடுகளுக்கிடையே கடிகாரமேந்தி நிற்கும் ஒரு நடுவரையே அவர் தேடினார் எனலாம்.

நாடுதோறும் சிறுவர்க்குத் தம் நாட்டு வெற்றிகளை மட்டும் கற்பித்தலே பகைக்கு வித்தென அவர் எண்ணினார். ஆதலின் மனித குலம் முழுவதுக்கும் ஒரே வரலாறு எழுத முனைந்தார். அது 1919-ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாகவும், 1920-இல் நூலாகவும் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. 1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியில் நாஜியர் எரித்த நூல்களுள் வெல்ஸின் நூல்களும் இருந்தன. அவ்வாண்டில் அவர் எழுதிய வருங்காலக் கதையொன்று, 1940-ஆம் ஆண்டில் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இடையே போர் மூளுமென்றது. உண்மையில் அது 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மூண்டது.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மாநகரின்மீது குண்டுகள் பொழிந்தபோதும் அவர் தம் வீட்டைவிட்டு அகலவில்லை. நோயும் முதுமையும் வருத்த, மனித உரிமைகளை வரையறுக்கும் பணியில் ஈடுபட்டார். 1940-ஆம் ஆண்டில் அதுபற்றி நூல் வெளியிட்டார். போர் எதற்காக நடக்கின்றது என்பதை முதலில் எழுதி வைக்கவேண்டும். வென்றவரும் தோற்றவரும் அதற்குக் கட்டுப்படவேண்டும் என்பது அவர் நோக்கம். ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள். அதனைக் காண அவர் இருந்திலர்.

ஆயின் அவர் காண விரும்பாத ஒன்றைக் கண்டுவிட்டே மறைந்தார். 1914-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மற்றொரு கதையில் அணுகுண்டு என்னும் பெயரே முதன்முதல் வழங்கிற்று. லியோ ஸிலார்ட் என்னும் அறிவியலார் அக்கதையை 1932-இற் படித்து, மறு ஆண்டில் அணுச் சிதைவுத் தொடரைப் பற்றிச் சிந்தித்தார். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஹிரோஷிமா நகரம் அழிந்தது. அவ்வாண்டில் வெல்ஸ் எழுதிய இறுதி நூல்களுள் ஒன்று மனித குலத்தைப் பற்றிய நம்பிக்கையிழந்து நிற்கின்றது. 1946-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள் அவர் லண்டனிற் காலமானார். உடல் எரியூட்டப்பெற்று, சாம்பல் கடலிற் கரைக்கப்பட்டது.

முடிவுரை

வெல்ஸின் உலக அரசு ஏற்படவில்லை. தரைமேல் அவர் நடத்திய சிறு போரோ பல்கிப் பெருகியது. 1974-ஆம் ஆண்டில் புதுவகைக் கற்பனை ஆட்டமொன்றை வெளியிட்டவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ் என்னும் அமெரிக்கர், வெல்ஸின் அச்சிறு நூலின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். இந்நாளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர்ப் பொதுமண்டபங்களில் வார இறுதியில் மேசைகளை வரிசையாக இட்டு, பொம்மைப் படைகளின் போட்டி நடத்துகின்றனர். போட்டியை நடத்துவோரின் கவலைகள் வெல்ஸ் அறிந்தவையே. இரு படைக்கும் வலிமை ஒத்திருக்கவேண்டும். குறித்த நேரத்தில் ஆட்டம் தொடங்கி முடியவேண்டும். அளவுநாடாவில் அரை அங்குலத்துக்குப் பிணக்கு நேரின் நடுவர் வந்து தீர்க்கவேண்டும். அத்தீர்ப்பு தமக்கு மாறாயினும் ஆடுவோர் ஏற்கவேண்டும். முன்பின் அறியாத இருவர் காலையிற் பகைவராய் எதிரெதிர் நின்று, மாலையிற் கைகுலுக்கித் தத்தம் வீரரைப் பெட்டியில் எடுத்து வைத்துப் பிரிகின்றனர்.

இதில் வியப்பென்ன என்று சிலர் வினவலாம். வலிமையுடையவன் விதியை மீறாது நிற்பதே வியப்பு. அறையிலுள்ள எவனும் பலகையைப் புரட்டிவிட்டு வெளியேறலாம். புரட்டாதிருப்பது, மறுநாளும் ஆடவேண்டும் என்னும் ஆசையினாலேயே. அவ்வாசை நாடுகளுக்கும் என்று உண்டாகுமோ அன்று வெல்ஸின் எண்ணம் ஈடேறும்.

அவர் பிழை செய்யாதவர் அல்லர். தாம் எழுதிய நல்லுரையை ஓராண்டில் மறந்தார். மறந்ததை உணர்ந்தபின், தம் பிழையையே நாவலாக்கி உலகறிய வெளியிட்டார். பின்னர் வாழ்நாளெல்லாம் அதற்குக் கழுவாய் தேடினார். நண்பர்காள்! நம் கல்லூரி விளையாட்டுக் களத்தில் நடுவர் ஊதுகுழல் ஊதியதும் நாம் ஓட்டத்தை நிறுத்துகின்றோம். தீர்ப்புப் பிழையெனத் தோன்றினும் முணுமுணுத்தபடியேனும் பணிகின்றோம். அற்பமாகத் தோன்றும் அப்பழக்கத்தின் அருமையை, துணிக்கடையிலிருந்து உலக மேடைக்கு உயர்ந்த இப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவதாக.